பின்புறம் நின்று பாடிய செல்வச் சீமாட்டி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘கலையைப் புரந்த செல்வப் பெண்கள்’ என்ற தலைப்பில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். விடியற்காலைப் பிரட்டுக்கு மணி அடிக்கும் சத்தத்தில் கண் விழித்தவள். செல்வச் சீமாட்டிகளைப் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த நாட்டில் உண்டா என்று கேட்டேன். “அதனால்தான் டீச்சர் உங்களைக் கூப்பிட்டோம்” என்றார்கள். சரி, வந்துவிட்டேன்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் கணினியைத் தட்டி உடனே ஒரு பெயரைச் சொன்னாள்: டோரிஸ் டியூக். அமெரிக்கப் புகையிலைச் சக்கரவர்த்தியின் ஒரே மகள். 1912-ல் பிறந்தவர். 1925-ல் தந்தை இறந்தபோது இவருக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் உலகத்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராகிவிட்டார். 1935-ல் திருமணம் முடிந்து உலகப் பயணம் போனபோது இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். ஆக்ராவின் சலவைக்கல் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கிப் போனார். ஹவாய்த் தீவில் கடலோரமாக ஒரு மாளிகை கட்டி, அதை இஸ்லாமியக் கலைப் பொருள்களால் நிரப்பினார். தாய்லாந்து, பர்மியக் கலைப் பொருள்களையும் திரட்டினார். 1993-ல் மறைந்தார். அந்த மாளிகை 2002 முதல் பொதுமக்கள் பார்க்கும் இடமாக இருக்கிறது.

நல்ல கதைதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புகையிலையை யார் நட்டார்கள், யார் பறித்தார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி வரும். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? லண்டனில் டேட் கலைக்கூடம் 1897-ல் திறக்கப்பட்டது. அதைக் கொடுத்த ஹென்றி டேட் சர்க்கரை வியாபாரி. புகையிலைக்கு ஹவாயில் மாளிகை, சர்க்கரைக்கு லண்டனில் கலைக்கூடம். நம் ரப்பருக்கு எங்கே என்று நான் தேடிப் பார்த்ததுண்டு. 1891-லேயே சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் போட்டுவிட்டார்கள். பின்னால் அந்த வழியாக எத்தனை ஆயிரம் டன் ரப்பர் போயிற்று! போனது போனதுதான். தோட்டத்தில் மிஞ்சிய கலை என்று பார்த்தால், மாரியம்மன் கோயில் திருவிழாவும், காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், உறுமி மேளமும்தான். அவற்றைப் புரந்தவர்கள் சம்பளத்தில் மாதம் ஒரு வெள்ளி கோயிலுக்குப் பிடிக்க ஒப்புக்கொண்ட பால்வெட்டுத் தொழிலாளிகள்.

அதனால் டோரிஸ் டியூக்கை மகளிடமே விட்டுவிட்டு, நம்மவர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றுத் தியாகராஜர் சமாதிக் கோயிலைக் கட்டிய அம்மையார்.

தை மாதம் வந்தால் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். காவிரிக் கரையில் பெரிய பந்தல். நூற்றுக்கணக்கான வித்துவான்கள் இரு புறமும் தரையில் அமர்ந்து, பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுவார்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி. கேமரா அப்படியே நகர்ந்து போகும். அந்தக் காட்சியில் பெண்கள் உட்கார்ந்திருப்பது இன்று யாருக்கும் வியப்பாகத் தெரியாது. அந்த இடத்தில் உட்கார, அந்த இடத்துக்கே கோயில் கட்டிக் கொடுத்தவருக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. இதுதான் நான் சொல்ல வந்த கதை.

நாகரத்தினம்மாள் 1878 நவம்பர் 3-ஆம் தேதி மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, தேவதாசி மரபில் வந்தவர். தந்தை சுப்பாராவ் என்ற வழக்கறிஞர், தாயையும் மகளையும் கைவிட்டுப் போனார். பிறகு மைசூரில் கிரிபட்ட திம்மய்யா என்ற சமஸ்கிருதப் பண்டிதர் ஆதரவு கொடுத்தார். குழந்தைக்குச் சமஸ்கிருதமும் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆதரவும் நிலைக்கவில்லை. தாயார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினார். இந்தப் பெண்ணைப் பெரிய வித்துவாம்சினி ஆக்காமல் மைசூர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்தாராம்.

தலைப்பில் ‘வாரிசு’ என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நாகரத்தினம்மாளுக்கு வாரிசுச் சொத்தாகக் காசு எதுவும் வரவில்லை. வந்தது அந்தச் சபதம் ஒன்றுதான். பதின்ம வயதிலேயே தாயையும் இழந்தார். தாய்மாமன் வெங்கிடசாமி அப்பா, வயலின் வாசிப்பவர், அவர்தான் வளர்த்தார். பெங்களூரில் முனிசாமப்பா என்பவரிடம் பாட்டுக் கற்றார். அந்த முனிசாமப்பா வாலாஜாபேட்டைச் சீடர் பரம்பரையைச் சேர்ந்தவர். அதாவது தியாகராஜரின் நேர் சீடர் வழி வந்தவர். நாகரத்தினம்மாளுக்குத் தியாகராஜர் எங்கிருந்தோ கனவில் வந்த சாமி இல்லை. பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு வாத்தியாருக்கு வாத்தியார். நம் தோட்டத்தில் குலசாமி என்போமே, அது மாதிரி.

மைசூர் அரண்மனையில் பாடினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஊர் ஊராகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். கன்னடம், தெலுங்கு, தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் தெரியும். வைரம், தங்கம், சொந்த வீடு. சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்று சொல்வார்கள். வரி கட்டுவதைப் பெருமையாகச் சொல்கிற காலம் இருந்திருக்கிறது பாருங்கள்!

இந்த இடத்தில் தேவதாசி மரபைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த மரபுக்குள் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை மறைக்க நான் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் மற்ற இந்துப் பெண்கள் தகப்பன் சொத்தில் பங்கு கேட்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேவதாசிக் குடும்பங்களில் அதற்கு வெகு காலம் முன்பே சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. படிப்பும் அவர்களிடம்தான் இருந்தது. கௌரவமான வீட்டுப் பெண் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்த நாளில், கௌரவமில்லை என்று ஒதுக்கப்பட்ட பெண் காவியம் படித்தாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை.

காவியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், முத்துப்பழனி என்ற தாசிப் பெண் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற சிருங்காரக் காவியம் பாடினார். பிற்காலத்தில் வந்த அச்சுப் பதிப்பில் சில பாடல்களையும் காணோம், முன்னுரையையும் காணோம். நாகரத்தினம்மாள் மூல ஏட்டைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, முழுமையாகப் பதிப்பித்தார். சென்னையில் வாவிள்ள நிறுவனம் 1910-ல் வெளியிட்டது. கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற பெரிய சீர்திருத்தவாதியே அந்தக் காவியத்தைக் கண்டித்து எழுதியவர். நாகரத்தினம்மாள் விடவில்லை. வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் புலவர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதை நீங்களே பாடப் புத்தகமாக வைக்கவில்லையா என்று கேட்டார். 1911-ல் போலீஸ் வந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அந்தத் தடை நீங்க 1947 வரை ஆயிற்று. பிரகாசம் முதலமைச்சராக இருந்தபோதுதான் நீங்கியது.

1910 என்று சொன்னேன் அல்லவா? நம் பக்கத்துக் கணக்கில் அது என்ன ஆண்டு தெரியுமா? ரப்பர் விலை உச்சத்துக்குப் போன ஆண்டு. லண்டனில் ஒரு ராத்தல் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. பக்கத்து மலாக்காவில் டான் சாய் யான் 1896-ல் நட்டுத் தொடங்கிவைத்த மரம், அதற்குள் நெகிரி செம்பிலான் காடு மேடெல்லாம் பரவிவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் தாத்தா பாட்டிகள் வந்து இறங்கினார்கள். அதில் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர்! என் பாட்டியும் அந்த ஜில்லாதான். திருவையாற்றுக் காவிரியைப் பார்த்திருப்பார். தியாகராஜரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். சங்கீதம் ஊருக்குள் இருந்தது, இவர்கள் இருந்தது சேரியில்.

இனி கோயில் கதைக்கு வருகிறேன்.

தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் சமாதி. வாரிசு என்று கவனிக்க யாருமில்லை. காலப்போக்கில் புதர் மண்டிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற சீடர்கள் இடத்தைக் கண்டுபிடித்துச் சீர் செய்தார்கள். பிறகு ஆண்டுதோறும் ஆராதனை நடக்கத் தொடங்கியது. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சண்டை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். யார் பெரியவர் என்ற போட்டியில் ஆராதனை இரண்டு இடத்தில் நடந்தது. சமாதியைக் கவனிக்கத்தான் ஆளில்லை. நம் தோட்டத்துக் கோயில் நிர்வாகங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மைதானே?

1921-ல் நாகரத்தினம்மாளின் குரு பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாற்றுக்குப் போய்ச் சமாதி கிடக்கும் நிலையைப் பார்த்து, மனம் நொந்து அவருக்குக் கடிதம் எழுதினார். அம்மையாருக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. கனவில் தியாகராஜர் வந்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். கனவை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அதற்குப் பிறகு அவர் செய்த வேலைதான் எனக்கு முக்கியம். திருவையாற்றுக்குப் போனார். சமாதி இருக்கும் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று தேடினார். பேசினார், அலைந்தார், பணம் கொடுத்தார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அடிக்கல் நாட்டிவிட்டார். கையில் இருந்த பணம் போதவில்லை என்றபோது நகைகளை விற்றார். பின்னால் சென்னை வீட்டையும் விற்றுவிட்டுத் திருவையாற்றிலேயே குடியேறினார். 1926 ஜனவரி 7-ஆம் தேதி கும்பாபிஷேகம்.

இரண்டு கட்சிக்காரர்களும் கோயில் கட்டுவதைத் தடுக்கவில்லை. ஏன் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் ஆராதனை நாளன்று சந்நிதியில் நானும் பாடுகிறேன், ஹரிகதை செய்கிறேன் என்று அம்மையார் கேட்டபோது, முடியாது என்றார்கள். பெண்கள் பாடக்கூடாது. அதிலும் தேவதாசிகள் பாடவே கூடாது. நிலம் அவருடைய காசு, கல் அவருடைய காசு, சந்நிதி விளக்குக்கு எண்ணெயும் அவருடைய காசு. குரல் மட்டும் கூடாது.

அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கினார். பெண்கள் கட்சி! 1927-ல் தேவதாசிப் பெண்களைத் திரட்டி, அதே நாளில், அதே கோயிலில், சமாதிக்குப் பின்புறத்தில் நின்று பாடினார்கள். முன்னால் ஆண் வித்துவான்கள், பின்னால் பெண்கள். முதலில் கேலி செய்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு பின்புறத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டே வந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் எதற்காக இந்த அம்மையாரைத் தேர்ந்தெடுத்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

என் அம்மாவுக்கு நல்ல குரல். ஏட்டில் படித்ததில்லை, சரளி வரிசை தெரியாது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கேட்டுப் பழகிய பக்திப் பாட்டு. பால் வெட்டும்போது பாடுவார். பக்கத்து நிரையில் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மண்டோர் வந்து சத்தம் போடுவார். நவராத்திரிக்குத் தோட்டத்துக் கோயிலில் பஜனை நடக்கும். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். ஒரு வருடம் அம்மாவைப் பாட வைக்க வேண்டும் என்று லயத்துப் பெண்கள் போய்க் கேட்டார்கள். பொம்பளைக்கு எதுக்கு மைக்கு என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னார்கள் என்பது இப்போது எதற்கு, எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா சண்டை போடவில்லை. கோயிலுக்குப் பின்னால் பொங்கல் கிண்டும் இடத்தில் நின்றுகொண்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பாடினார். அங்கே இருந்த பெண்கள் கூடப் பாடினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து பின்பக்கம் வந்துவிட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. புகையில் கண் எரிந்தது நினைவிருக்கிறது.

வெகு காலம் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எல்லாம் முடித்த பிறகு, நாகரத்தினம்மாள் பின்புறம் நின்று பாடியதைப் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

கோயிலில் மட்டுமா இந்தக் கணக்கு? 1928-ல் மலாயாத் தோட்டங்களின் முக்கியப் பகுதிகளில் அரசாங்கம் தமிழ்த் தொழிலாளிக்குக் குறைந்த சம்பளம் நிர்ணயித்தது. ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. மரம் ஆணுக்குத் தனிப்பால், பெண்ணுக்குத் தனிப்பால் கொடுத்ததா? கிடையாது. திருவையாற்றில் பெண்கள் கட்சி தொடங்கிய அடுத்த ஆண்டு இது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

திருவையாற்றில் அந்தப் போராட்டம் பதினான்கு ஆண்டு நடந்தது. அம்மையார் கலெக்டருக்கு மனுப் போட்டார், அதிகாரிகளைப் பார்த்தார், வழக்குக்கும் தயாராக இருந்தார். கோயிலின் சாவி தன்னிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாமல் பேச்சு நடத்தினார். கடைசியில் 1940-41-ல் எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரியும், முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலிய வித்துவான்களும் முயன்று மூன்று கட்சியையும் ஒன்றாக்கினார்கள். எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிற இன்றைய வழக்கம் அப்போதுதான் வந்தது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம். பெண்களும் முன்னால் உட்கார்ந்தார்கள்.

அம்மையாரை நான் ஒரேயடியாகப் புகழ்ந்துகொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க 1927-லிருந்து பாடுபட்டபோது, அதை எதிர்த்து நின்ற தேவதாசிகள் சங்கத்தில் முன்னணியில் இருந்தவர் நாகரத்தினம்மாள். எங்களை மொத்தமாக விலைமகளிர் என்று முத்திரை குத்தாதீர்கள், எங்கள் சொத்துரிமையையும் கலையையும் பிடுங்காதீர்கள், எங்களுக்குப் படிப்பைக் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். முத்துலட்சுமி அம்மையாரின் தாயாரும் அந்த மரபில் வந்தவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே நடந்ததைத் தெரிந்துதான் அவர் பேசினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. சிறு பெண்களைப் பொட்டுக் கட்டுவது நின்றது. அது நிற்க வேண்டியதுதான். அந்த வாக்கெடுப்பில் நான் இருந்திருந்தால் முத்துலட்சுமி பக்கம்தான் கையைத் தூக்கியிருப்பேன். ஆனால் நாகரத்தினம்மாள் பயந்ததும் நடந்தது. பாட்டும் ஆட்டமும் பெரிய வீட்டு மேடைகளுக்குப் போயின, அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களின் பேத்திகள் அந்த மேடைக்குப் போகக் கூசினார்கள். இரண்டு அம்மையார்களும் பாதி பாதி சரி. இதில் நடுவர் தீர்ப்புச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள்.

1949-ல் நாகரத்தினம்மாள் உயில் எழுதினார். உறவு, நட்பு என்று பங்கு போடவில்லை. இருந்த சொத்தையெல்லாம் தியாகராஜர் சந்நிதிக்கு, ஓர் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். அதில் ஒரு நிபந்தனை வைத்தார்: தேவதாசிகள் உள்ளிட்ட பெண்களுக்கும் அந்தச் சந்நிதியில் பாடவும் தொண்டு செய்யவும் உரிமை இருக்க வேண்டும். சட்டம் வந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, தேவதாசி என்ற சொல்லை வாயில் சொல்லவே ஊர் தயங்குகிற காலம். அதைத் தன் உயிலில் எழுத்தாக எழுதிவைத்தார். 1952 மே 19-ஆம் தேதி திருவையாற்றிலேயே காலமானார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நேரம் ஆகிறது என்று சைகை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. நெகிரி செம்பிலானில் நீலாயிலிருந்து சிரம்பான் வரை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் பால்மரம் நின்ற இடமெல்லாம் வீடமைப்பு, தொழிற்பேட்டை, செம்பனை. ஆள்கள் பிரிந்து போனார்கள். கூத்துக் கட்டியவர் லாரி ஓட்டுகிறார். காமன் கூத்துக்குப் பாட்டுத் தெரிந்த கடைசிப் பெரியவர் போனபோது பாட்டு நோட்டும் போயிற்று. கலையைப் புரக்கச் செல்வச் சீமாட்டி வருவாள் என்று காத்திருந்தால் நடக்குமா?

நமக்கு வேறொரு வழி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1960-ல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதைத் தவணையில் கட்டினார்கள் நம் ஆள்கள். அம்மாவும் கட்டினார். அந்தக் காசில் தோட்டம் வாங்கினார்கள். கோலாலம்பூரில் அதன் கட்டடத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது, உங்களில் பலர் அங்கே நூல் வெளியீட்டுக்கும் நாடகத்துக்கும் போயிருப்பீர்கள். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும்போது, இது பால்வாளி தூக்கினவர்கள் கட்டிய அரங்கம் என்று எத்தனை பேர் நினைக்கிறோம்? என் அம்மா அந்த அரங்கத்துக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. பங்குப் பத்திரத்தை மட்டும் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

நான் பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை தமிழ்நாட்டுக்குப் போனேன். பாட்டியின் ஊரைத் தேடினேன், கிடைக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துத் திருவையாற்றுக்குப் போனேன். ஆராதனை நேரமில்லை, மத்தியானம், ஆள் அரவமில்லை. காவிரியில் தண்ணீர் குறைவு. சமாதியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், எதிரே நாகரத்தினம்மாளின் நினைவிடம். உள்ளே அவருடைய சிலை, கைகூப்பி உட்கார்ந்த கோலத்தில். நேராகத் தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கிறார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்திருந்தேன். யாரும் இல்லாத தைரியத்தில் அம்மா பாடுகிற பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினேன். எனக்குக் குரல் வராது, அது வேறு விஷயம்.

திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். நகையை விற்றதைச் சொன்னேன், பின்புறம் நின்று பாடியதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்தம்மாவுக்கு யாரும்மா வெளக்கு வைக்கிறா?”

நான் போனபோது ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். “எண்ணெ இருந்துச்சா?” என்றார். இருந்தது என்றேன்.